கனத்த வேட்டை வில்லுக்கு எந்த அம்பு: 400, 340, 300 மூன்றில் ஒன்று

கனத்த வில் வாங்குகிறவர்கள் வில்லைப் பற்றி ஆறு மாதம் யோசிப்பார்கள். அம்பைப் பற்றி ஆறு நிமிடம்கூட யோசிக்க மாட்டார்கள். நானும் அந்த ரகம்தான். 65 பவுண்டு ரிகர்வ் (இழுக்க 65 பவுண்டு விசை வேண்டிய, நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) கைக்கு வந்த அன்றே, பழைய 45 பவுண்டு வில்லுக்கு வைத்திருந்த விறைப்பு எண் 500 கொண்ட கார்பன் அம்புகளை எடுத்து நாணில் பூட்டிவிட்டேன். அம்பு மீன்போல வாலை ஆட்டிக்கொண்டே போய், குறிக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் குத்தியது. வால் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. என் கையில்தான் கோளாறு என்று ஒரு வாரம் கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். கையில் ஒன்றுமில்லை. தண்டு அந்த வில்லைத் தாங்கவில்லை.

இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. வில்லின் உதைக்கு ஈடுகொடுக்க முடியாத கார்பன் தண்டு, அதிலும் எங்கேயோ மயிரிழை விரிசல் விழுந்த தண்டு, விடுகிற நொடியிலேயே முறியலாம். முறிந்த பாதி போய் ஏறுகிற இடம் வில்லைப் பிடித்திருக்கும் கை. மெல்லிய வில்லில் தவறான அம்பு குறியைத்தான் கெடுக்கும். கனத்த வில்லில் கையையும் கெடுக்கும்.

ஆகவே, 65 பவுண்டு வேட்டை ரிகர்வ் ஒன்றை முன்னால் வைத்து, மூன்று கார்பன் தண்டுகளையும் மரத்தையும் அலுமினியத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வலக்கைக்காரர் கணக்கில் எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் இடத்தை வலமாக, வலத்தை இடமாக மாற்றிக்கொள்ளவும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

விறைப்பைக் குறிக்க எல்லோரும் சொல்வது ‘ஸ்பைன்’. தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் கிடத்தி, நட்டநடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். நடுப்பகுதி எவ்வளவு தாழ்கிறதோ அதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொன்னால் ஸ்பைன் எண். அரை அங்குலம் தாழ்ந்தால் 500. 0.340 அங்குலம் தாழ்ந்தால் 340. எண் சிறியதாகச் சிறியதாகத் தண்டு விறைக்கும். புதிதாக வருகிற பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டுதான் முதல் அம்பை வாங்குகிறார்கள்.

இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். சுவர்ப் பலகையில் 28 அங்குலம் தள்ளி இரண்டு ஆணி, சமையலறைத் தராசில் 880 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றிய பாட்டில், பின்னால் ஒட்டிய மில்லிமீட்டர் ஸ்கேல், போதும். 500 தண்டு 12.7 மில்லிமீட்டர் தாழும். 400 என்றால் 10.2, 340 என்றால் 8.6, 300 என்றால் 7.6. கவனித்தீர்களா, 340க்கும் 300க்கும் நடுவே ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டருக்காகத்தான் இவ்வளவு தலைவலியும். தண்டைப் பாட்டிலோடு மெல்ல உருட்டிப் பார்த்தால் சில தண்டுகள் ஒரு பக்கம் கொஞ்சம் விறைப்பாகவும் மறுபக்கம் கொஞ்சம் இளக்கமாகவும் இருப்பது தெரியும். அந்த விறைத்த பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வைத்து, எல்லா அம்புகளிலும் அந்தப் புள்ளியை ஒரே திசைக்கு வைத்து, நாணில் பூட்டும் பிளவுள்ள வால்முனையை, அதாவது நாக்கைப் பொருத்துவது என் வழக்கம். அரை மணி நேர வேலை, காசு செலவில்லை.

மரத்தண்டுக்காரர்களின் கணக்கு வேறு. தாங்கி இடைவெளி 26 அங்குலம், எடை 2 பவுண்டு. 26ஐத் தாழ்வால் வகுத்தால் வருவது பவுண்டு. அரை அங்குலம் தாழ்கிற தண்டு 52 பவுண்டு ஸ்பைன். ஆக மரத்தில் எண் பெரிதானால் விறைப்பு, கார்பனில் எண் சிறிதானால் விறைப்பு. இரண்டையும் ஒரே பேச்சில் கலந்தால் யாருக்கும் தலைகால் புரியாது. ஒன்றுக்கொன்று மாற்ற, கார்பன் தாழ்வை 0.825ஆல் பெருக்கி, அதனால் 26ஐ வகுக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் 400 ஏறக்குறைய 79 பவுண்டு, 340 ஏறக்குறைய 93, 300 ஏறக்குறைய 105. இந்த மூன்று எண்களையும் கையில் வைத்திருங்கள். கீழே வேலை இருக்கிறது.

கிடக்கும் அம்பு வேறு, பறக்கும் அம்பு வேறு

ஆணியில் கிடக்கும் தண்டின் விறைப்பு பாதிக் கதைதான். விரலிலிருந்து நாண் நழுவும்போது நேராக நழுவுவதில்லை. விரல் நுனிகளைச் சுற்றி உருண்டு சற்றுப் பக்கவாட்டில் ஒதுங்கித்தான் கிளம்புகிறது. பின்னாலிருந்து நாண் முட்டித் தள்ள, முன்னால் முனையின் எடை நகர மறுக்க, நடுவில் மாட்டிய தண்டு சவள்கிறது. முதலில் நடுப்பகுதி வில்லை நோக்கி அழுந்தும். பிறகு எதிர்ப்பக்கம் வளைந்து வில்லை விட்டு விலகும். கடைசியில் வால் கைப்பிடியைத் தொடாமல் நெளிந்து வெளியேறும். குறியைப் பார்த்தபடி வைத்த அம்பு, வில் குறுக்கே நின்றும், அதைச் சுற்றிக்கொண்டு குறிக்கே போகிறது. ‘வில்லாளியின் முரண்’ என்று ராபர்ட் எல்மர் என்ற அமெரிக்க வில்லாளி இதற்குப் பெயர் வைத்தார். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேகக் கேமராவில் எடுத்துக் காட்டிய பிறகுதான் அம்பு உண்மையிலேயே பாம்புபோல நெளிந்து போகிறது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

அந்த நெளிவு வில்லுக்குப் பொருத்தமான வேகத்தில், பொருத்தமான அளவில் நடக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பவை பல: தண்டின் விறைப்பு, தண்டின் நீளம், முன்னால் ஏற்றிய எடை, வில்லின் உதை, நாணின் வகை, அம்பு உட்காரும் இடம் வில்லின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் நகரும்.

நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 30 அங்குலத் தண்டை 29க்கு வெட்டினால் சவளல் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரே ஒரு அங்குலம்! வெட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கச் சொல்வது இதனால்தான். வெட்டியதை ஒட்ட முடியாது.

பழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு ஒன்று உண்டு. மரத்தண்டுக்காரர்கள் காலங்காலமாகப் போடுவது, விடையாக வருவது தண்டுக்கு வேண்டிய ஸ்பைன், பவுண்டில். உங்கள் இழுப்பில் வில்லின் பவுண்டு எவ்வளவோ அதிலிருந்து தொடங்குங்கள். இழுபடாத நவீன நாண் என்றால் 5 கூட்டுங்கள். நடுக்கோட்டைத் தாண்டி வெட்டிய கைப்பிடி என்றால் இன்னொரு 5. தண்டு 28ஐத் தாண்டும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 5. முன்னெடை 125 கிரெயினை (15 கிரெயின் ஏறக்குறைய ஒரு கிராம்) தாண்டும் ஒவ்வொரு 25 கிரெயினுக்கும் 3. சிலர் இந்தக் கடைசியை 5 என்று வைப்பார்கள். கனத்த முனையில் அது கொஞ்சம் மிகை என்பது என் அனுபவம்.

இதில் ‘உங்கள் இழுப்பில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்கு உரியது. ஓர் அங்குலம் குறைத்து இழுத்தால் கனத்த வில்லில் மூன்று பவுண்டு வரை குறையும். 70 என்று எழுதியிருக்கும் வில்லை 26 அங்குலம் இழுப்பவர் கையில் இருப்பது 64 பவுண்டு வில். கொக்கித் தராசில் மாட்டி, தான் இழுக்கும் அளவுக்கு இழுத்துப் பார்க்காமல் அட்டவணையைத் திறப்பதில் அர்த்தமே இல்லை.

மூன்று தண்டுகள், ஒரே வில்

என் வில் என் இழுப்பில் 65. நவீன நாண், நடுக்கோட்டைச் சற்றுத் தாண்டி வெட்டிய கைப்பிடி. ஆக 75. தண்டு 29.5 அங்குலம் என்றால் 7 கூட்டி 82. இனி முன்னெடை. முன்னெடை என்றால் முனை மட்டும் அல்ல. முனையைத் திருகத் தண்டுக்குள் ஒட்டும் உலோகக் குழலான இன்சர்ட்டும் சேர்ந்தது. இதை மறந்து கணக்குப் போடுகிறவர்கள் ஏராளம். 100 கிரெயின் பித்தளை இன்சர்ட்டைப் போட்டுவிட்டு, “முனை 200தான், பிறகு ஏன் இளகிப் போகிறது” என்பார்கள்.

முதல் தண்டு 400. அதை 29 அங்குலத்துக்கு வெட்டி, சாதாரண அலுமினிய இன்சர்ட்டோடு 125 கிரெயின் முனை. முன்னால் ஏறக்குறைய 140. தேவை 82 பவுண்டை ஒட்டி, தண்டின் விறைப்பு 79. கிட்டத்தட்டப் பொருந்திவிட்டது. அங்குலத்துக்கு 8.5 கிரெயின் எடையுள்ள தண்டு என்றால், இறகும் நாக்கும் சேர்ந்து முழு அம்பு 410 கிரெயின் அளவில் நிற்கும். வில்லின் பவுண்டுக்கு 6.3 கிரெயின்.

பறக்கும், சந்தேகமில்லை. கோடு போட்டதுபோலப் போகும். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. விரலால் விடுகிற பாரம்பரிய வேட்டை வில்லில் பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெயின் வரை வைப்பது வழக்கம். அதற்குக் கீழே போனால் அம்பு எடுத்துக்கொள்ளாத ஆற்றலெல்லாம் வில்லுக்கே திரும்புகிறது. கைப்பிடி அதிர்கிறது, நாண் சத்தம் போடுகிறது. மானுக்குக் காது உண்டு. மேலும் எலும்பில் பட்டால் இந்த எடை பேசாது. 65 பவுண்டு இழுக்கத் தோளைத் தயார்செய்துவிட்டு, இவ்வளவு இலேசான அம்பை விடுவது, மாட்டு வண்டியில் பஞ்சு மூட்டை ஏற்றுகிற கதை.

இரண்டாவது 340. நீளம் 29.5. பித்தளை இன்சர்ட் 50, முனை 200, முன்னால் 250. 82 உடன் 15 கூட்டினால் தேவை 97, தண்டு 93. அங்குலத்துக்கு 9.5 கிரெயின் தண்டில் முழு அம்பு 550ஐ ஒட்டி வரும். பவுண்டுக்கு 8.5. எடைச் சமநிலை முன்னோக்கி நகர்ந்திருக்கும். அதை அளக்க, விரல்மேல் அம்பை நிறுத்தி, நாக்கிலிருந்து சமநிலைப் புள்ளிவரை அளந்து, அதிலிருந்து அம்பின் பாதி நீளத்தைக் கழித்து, முழு நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். என் கணக்கில் இது 20 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. 400 தண்டில் 15தான்.

மூன்றாவது 300. அதே 29.5. பித்தளை இன்சர்ட் 100, முனை 250, முன்னால் 350. தேவை 109, தண்டு 105. அங்குலத்துக்கு 10.5 கிரெயின் என்றால் முழு அம்பு 680. பவுண்டுக்கு பத்தரை. சமநிலை 24 விழுக்காடு போல.

650 கிரெயின் என்ற எல்லையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எட் ஆஷ்பி என்பவர் 1980களில் தென்னாப்பிரிக்காவின் நடாலில் தொடங்கி, பெருவிலங்குகளின் உடலில் அம்பு எவ்வளவு ஏறுகிறது என்று வருடக்கணக்கில் பதிவுசெய்தார். அவர் முன்வைத்த முடிவுகளில் ஒன்று, கனத்த எலும்பை உடைத்து உள்ளே போக அம்பு 650 கிரெயினாவது இருக்க வேண்டும் என்பது. முன்னெடை மிகுந்த அம்புக்கும் அவர்தான் பெரிய வக்கீல். இதைச் சிலர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, முயலுக்கும் 700 கிரெயின் ஏற்றுகிறார்கள். எருமைக்குச் சொன்னதை மானுக்கு அப்படியே வைக்க வேண்டியதில்லை.

மூன்று கணக்கையும் மறுபடி பாருங்கள். மூன்று தண்டும் அந்த ஒரே வில்லுக்குப் பொருந்துகின்றன! மூன்றிலும் தேவைக்கும் தண்டுக்கும் நடுவே மூன்று நான்கு பவுண்டு இடைவெளிதான். “65 பவுண்டு வில்லுக்கு எந்த ஸ்பைன்” என்று கேட்டால் பத்துப் பேர் பத்து எண் சொல்வதும், பத்தும் சரியாக இருப்பதும் இதனால்தான். கேள்வியே முன்பின்னாக இருக்கிறது. எதை வேட்டையாடப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்தில், அதற்கு எத்தனை கிரெயின் அம்பு, அதில் எவ்வளவு முன்னால், என்பதை முடிவுசெய்தால் ஸ்பைன் தானாக வந்து நிற்கும்.

என் தேர்வு 340. இருபது மீட்டருக்குள், மான் அளவுள்ள விலங்குக்கு, 550 கிரெயின் தாராளம். எலும்பு கனத்த பெரிய விலங்கு என்றால் யோசிக்காமல் 300க்குப் போவேன். 680 கிரெயின் அம்பு சீக்கிரம் தாழும் என்பது உண்மைதான். பதினைந்து மீட்டரில் அது பெரிய விஷயமில்லை. முப்பதில் பெரிய விஷயம். முப்பது மீட்டரில் விலங்கின்மேல் விரல் வில்லை விடுவது எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம், அது வேறு பேச்சு.

இரண்டு எண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால்? விறைத்ததையே வாங்குங்கள், வெட்டாமல் வாங்குங்கள். விறைத்த தண்டை இளக்க வழிகள் பல: முனையில் எடை கூட்டலாம், நீளமாக விடலாம். இளகிய தண்டை விறைக்க வைக்க ஏறக்குறைய ஒரே வழிதான், வெட்டுவது. வெட்ட ஓர் எல்லை உண்டு. முழு இழுப்பில் பிராட்ஹெட் எனும் வேட்டை முனையின் கத்தி விரலைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாதே. முன்னெடையைக் குறைக்கலாம், ஆனால் அதற்காகவா கனத்த வில் வாங்கினோம்?

விறைத்ததை வாங்க பிராட்ஹெட் இன்னொரு காரணம். பயிற்சி முனையில் ஒளிந்துகொள்ளும் தவறுகளை அகன்ற கத்தி முனை ஒளிக்காது. கத்தி முன்னால் நின்று சிறகுபோல வேலைசெய்யும். தண்டு அளவுக்கு மீறி நெளிந்தால் கத்தி காற்றைப் பிடித்து அம்பை இழுத்துக்கொண்டு போய்விடும். இறகு பின்னாலிருந்து திருத்தப் பார்க்கும், ஆனால் எல்லாத் தவறையும் அதனால் சுமக்க முடியாது.

நடுக்கோடு வெட்டாத வில்

மேலே சொன்ன ‘விறைத்ததையே வாங்கு’ என்ற யோசனை ஒரே ஓரிடத்தில் காலை வாரிவிடும். பழைய முறை லாங்போ, அதாவது நுனி முன்னோக்கி வளையாத நீண்ட வில். அதில் கைப்பிடி நடுக்கோடுவரை வெட்டப்பட்டிருக்காது. சிலவற்றில் வெட்டே இருக்காது, அம்பு கைமுட்டியின்மேல் உட்காரும். அம்பு அதிகமாகச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் அதிகமாகச் சவள வேண்டும். தோராயக் கணக்கில் 5 கூட்டிய இடத்தில் இங்கே 5, சில வேளை 10 கழிக்க வேண்டும். 65 பவுண்டு ரிகர்வுக்கு 80 பவுண்டு மரத்தண்டு என்றால், அதே பவுண்டு லாங்போவுக்கு 65, 70 போதும். ரிகர்வில் அடித்த விறைத்த அம்பை இங்கே கொண்டுவந்தால் எல்லாம் இடப்பக்கம் போய் விழும், வில்லின் பக்கவாட்டில் ‘டக்’ என்று ஒரு தட்டும் கேட்கும். அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு வில்லைக் குறைசொன்ன நண்பர்களை எனக்குத் தெரியும்.

1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட லாங்போக்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன. அந்த வில்களின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை இருக்கும் என்பது மதிப்பீடு. அம்புகளில் பெரும்பகுதி பாப்லர் என்கிற இலேசான மரம். இலேசான மரம்தான், ஆனால் தடிமன் அரை அங்குலத்தை ஒட்டி. விறைப்பை மரத்தின் இனத்தில் தேடாமல் தடிமனில் எடுத்திருக்கிறார்கள்.

மரமா, அலுமினியமா

தடிமனைப் பற்றிய அந்தச் சங்கதி மரத்தண்டு வாங்குகிறவருக்கு நேரடியாக உதவும். உருண்டைக் கம்பின் விறைப்பு விட்டத்தின் நான்மடிப் பெருக்கத்தோடு ஏறும். மரத்தண்டுகள் பொதுவாக 11/32 அங்குலத்திலும் 23/64 அங்குலத்திலும் வரும். முந்தையது 22/64தான், ஆக வித்தியாசம் அங்குலத்தில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே மரமானால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். 80 பவுண்டு ஸ்பைன் வேண்டுகிறவர்கள் 23/64இல் தேடுவது இதனால்தான்.

மரத்தில் போர்ட் ஆர்ஃபோர்ட் சீடார் பழைய பெயர் பெற்றது. நேரான இழை, விட்டதும் சீக்கிரம் அடங்கும், உடைத்தால் நல்ல வாசனை. கனத்த வில்லுக்கு டக்ளஸ் ஃபிர் எனக்கு அதிகம் பிடிக்கும், எடையும் விறைப்பும் சேர்ந்தே வருகின்றன. 160 கிரெயின் முனையோடு 600ஐத் தொடுவது சிரமமில்லை. ஆனால் மரத்தில் பொறுக்கும் வேலை உங்களுடையது. 5 பவுண்டுக்குள் ஸ்பைன், 10 கிரெயினுக்குள் எடை என்று பிரிக்காவிட்டால் பன்னிரண்டு அம்பு பன்னிரண்டு இடத்துக்குப் போகும். வளையங்களின் விளிம்பு தெரியும் பக்கம் வில்லைப் பார்த்து இருக்கும்படி நாக்கைப் பொருத்த வேண்டும், விறைப்பு அளக்கும்போதும் அந்தத் திசையிலேயே அளக்க வேண்டும். இழை சாய்ந்து தண்டின் பக்கத்தில் வெளியே ஓடுகிற துண்டைக் கனத்த வில்லில் வைக்கவே கூடாது. விறகுக்கு ஆகும்.

அலுமினியத்தை இன்று யாரும் பேசுவதில்லை, அது நியாயமில்லை. அதன் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்: 2219 என்றால் விட்டம் 64இல் 22 பங்கு, சுவர்த் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 19. 2117 என்றால் 21, 17. முந்தையதன் ஸ்பைன் 337, பிந்தையது 400. ஆக 2219 நம் 340இன் அண்ணன். அங்குலத்துக்கு ஏறக்குறைய 14 கிரெயின் இருப்பதால் பித்தளை எதுவும் சேர்க்காமலே 600 தாண்டிவிடும். ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்ததுபோல ஒத்திருக்கும். முன்னெடை விழுக்காடு உயராது, தண்டே கனமாக இருப்பதால். அது வேண்டாதவருக்கு இது மலிவான நல்ல வழி. குறை என்ன? கல்லிலோ வேரிலோ பட்டால் வளையும். லேசான வளைவை நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தியதை நான் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். விட்டம் பெரிது, அதனால் நடுக்கோடு வெட்டாத வில்லில் அம்பு இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி உட்காரும்.

கப்பி வைத்த காம்பவுண்ட் வில்காரர்களுக்கு இரண்டு வரி போதும். விரலால் அல்லாமல் கொக்கியால் விடுவதால் நாண் பக்கவாட்டில் உருளாது, பக்க நெளிவு குறைவு, ஆகவே விறைத்த பக்கம் சாய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். 70 பவுண்டு வில்லுக்கு 340, 300 என்று அட்டவணை சொன்னால் நம்பலாம். கணக்கில் எடுக்க வேண்டியது உச்ச இழுவிசை, முழு இழுப்பில் கப்பி குறைத்த பிறகு கையில் நிற்கும் எடை அல்ல. அம்பு மொத்தமாக பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் கீழே போகக் கூடாது.

இறகில்லா அம்பு சொல்வதும், சொல்லாததும்

கணக்கு உங்களைக் கிட்டத்தில் கொண்டுவிடும். மிச்சத்தை இறகு ஒட்டாத அம்புதான் சொல்ல வேண்டும். பத்து மீட்டரில் இறகுள்ள மூன்று, இறகில்லாத இரண்டு, எல்லாம் ஒரே முன்னெடை. முதலில் மேல்கீழைப் பாருங்கள். இறகில்லாதது கீழே குத்தினால் நாணில் அம்பு பூட்டும் புள்ளி உயரத்தில் இருக்கிறது, அதை இறக்குங்கள். அது அடங்கிய பிறகே இடவலத்துக்கு வர வேண்டும். இறகில்லாதது வலப்பக்கம் விழுந்தால் தண்டு இளகல். இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு. இளகலுக்கு முனை எடையைக் குறை, அல்லது கால் அங்குலம் வெட்டு, அல்லது அம்பு உரசும் பக்கப் பட்டையைச் சற்றுத் தடிமனாக்கு. விறைப்புக்கு முனை எடையைக் கூட்டு, பட்டையை மெலிதாக்கு.

இதுவரை எல்லா இடத்திலும் சொல்வதுதான். கனத்த வில்லில் இந்தச் சோதனை பொய் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. தண்டு மிகவும் விறைப்பாக இருந்தால் கைப்பிடியைச் சுற்றாமல் வால் போய் கைப்பிடியில் இடிக்கும். இடித்த வேகத்தில் வால் இடப்பக்கம் எற்றப்படும். அம்பு வலப்பக்கம் பார்த்துப் பறக்கும். பார்ப்பவருக்கு அசல் இளகல் மாதிரியே இருக்கும். அதை நம்பி முனை எடையைக் குறைப்பீர்கள், இன்னும் விறைக்கும், இன்னும் இடிக்கும். முந்தைய 500 அம்புக் கதைக்குப் பிறகு நான் 300க்குத் தாவியபோது, 125 முனையோடு மாட்டிக்கொண்டது சரியாக இங்கேதான். கால் அங்குலம் கால் அங்குலமாக மூன்று தண்டுகளை வெட்டிப் பாழாக்கினேன்.

வீட்டில் கிடந்த பழைய உதட்டுச்சாயம்தான் என்னைக் காப்பாற்றியது. அம்பு உரசும் பட்டையிலும் அதற்கு மேலே கைப்பிடியிலும் மெல்லப் பூசிவிட்டு ஓர் அம்பு விட்டேன். தண்டின் முன்பாதியில் லேசான சிவப்புத் தீற்றல் இருந்தால் பரவாயில்லை, அங்கே அழுந்தத்தான் வேண்டும். ஆனால் நாக்குக்கு இரண்டு விரல் முன்னால், சுத்தமாக ஒரு நகக்கண் அளவுக்குச் சிவப்புப் பொட்டு. கைப்பிடியில் அதே உயரத்தில் சாயம் வழித்தெடுத்த தடம். அதற்கப்புறம் 250 முனையை மாட்டியதும் பொட்டு மங்கியது. 100 கிரெயின் இன்சர்ட்டும் சேர்ந்ததும் தண்டின் பின்பாதி துடைத்து வைத்ததுபோல இருந்தது. இறகில்லாதது இறகுள்ளவற்றோடு போய் ஒட்டிக்கொண்டது.

ஒரு டஜன் வாங்கிவிட்டுப் பொருந்தவில்லை என்று உட்கார வேண்டாம். 340இல் இரண்டு, 300இல் இரண்டு, வெட்டாத முழு நீளம். 125லிருந்து 300 வரை திருகும் முனைகள் ஒவ்வொன்று. 50, 100 பித்தளை இன்சர்ட் இரண்டிரண்டு, சூட்டில் இளகும் பசையில் ஒட்டியது. தண்டை அதிகம் சூடாக்காமல், முனையைச் சூடாக்கி இழுத்தால் கழன்றுவிடும். ஒவ்வொரு முறை நாணில் வைக்கும் முன்னும் கார்பன் தண்டை இரு கையால் பிடித்து லேசாக வளைத்து, காதருகே கொண்டுபோய்க் கேளுங்கள். ‘சடக்’ என்று மணல் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் வந்தால், அந்த அம்பு எவ்வளவு நேராக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், அங்கேயே இரண்டாக உடைத்துப் போட்டுவிடுங்கள். உடைக்காமல் ஓரமாக வைத்தால் என்றைக்காவது அவசரத்தில் அது மறுபடி கைக்கு வந்துவிடும்.